ஆவிக்கு வழி விடுங்கள்



மண்சரிவுக்குப் பயந்து வீடுவாசலையும் தோட்டத்துண்டையும் விட்டு வந்து, பாடசாலையிலோ பழைய தேயிலைத் தொழிற்சாலையிலோ பலர் கூடித் தங்கும்போது, வெந்நீருக்கு எல்லோரும் ஒரே அடுப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 இல் நடந்த மீரியபெத்தைச் சரிவுக்குப் பின் பதுளை மாவட்டம் இதை நன்றாக அறியும். அப்புத்தளைக் குளிரில் கைக்குழந்தையைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்ட முடியுமா? ஆகவே 200 லீற்றர் பீப்பா ஒன்றை அடுப்பில் ஏற்றி, பைப் பொருத்தி, நாமே பொயிலர் செய்துவிடுகிறோம்.

நாம் போன ஓரிடத்தில் அப்படியொரு பீப்பாவின் மூடி இறுக்கப்பட்டிருந்தது. ஆவி போகும் குழாயின் வாயிலும் சாக்கைச் சுற்றிய மரக்கட்டை. "சூடு வீணா போகுதுங்க, வெறகுக்கு எங்க போறது?" என்றார் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா. அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் நெருப்பை இழுத்து அணைத்து, பீப்பா நன்றாக ஆறும்வரை எவரையும் கிட்ட விடாமல் காத்திருந்தே கட்டையை எடுத்தோம்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறாது. மலையில் 100 பாகைக்கும் சற்றுக் குறைவிலேயே கொதித்துவிடும். அடைத்த பாத்திரத்தில் அப்படியல்ல. 120 பாகைக்கு வந்தால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஆவி ஏறக்குறைய ஒரு கிலோ பாரத்துடன் வெளியே தள்ளும். பீப்பா மூடியின் அகலம் சுமார் 57 சென்ரிமீற்றர். கணக்குப் பாருங்கள்: மூடியின் மேல் மட்டும் இரண்டரைத் தொன்! பீப்பா கிழிந்தால் உள்ளே உள்ள நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகும். ஒரு லீற்றர் நீர் சுமார் 1,600 லீற்றர் ஆவியாகிறது.

எனவே மூடியை இறுக்காமல் சும்மா வையுங்கள். ஆவிக்குழாய் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்தபடி நிற்கட்டும். அதில் திருகுபைப் பூட்டவே வேண்டாம்.

கடையில் வாங்கும் மூடிய பொயிலரில் இந்த வேலையைப் பாதுகாப்பு வால்வு செய்கிறது. அழுத்தம் கூடினால் வில்லைத் தள்ளிக்கொண்டு அது தானே திறக்கும். 1679 இல் பாப்பின் என்பவர் தம் அழுத்தப் பாத்திரத்தைக் காட்டிய நாளிலிருந்து வந்த யோசனை இது. அவர் வில்லுக்குப் பதில் பாரம் தொங்கவிட்டார். வால்வு சொட்டினால் அடைக்காதீர்கள், திருத்துபவரை அழையுங்கள்.

நீர் வற்றுவது மற்ற ஆபத்து. 1924 இல் பதுளைக்கு ரயில் வந்த காலத்து நீராவி எஞ்சின்களில், நெருப்பறையின் கூரையில் ஈயம் நிரப்பிய திருகாணி இருக்கும். நீர் குறைந்தால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும். நம் பீப்பாவுக்கு அது கிடையாது; நெருப்பு மூட்டுமுன் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டம் பாருங்கள். வற்றிப் பழுத்த பீப்பாவில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விறகை இழுத்துவிட்டு, தானாக ஆறவிடுங்கள்.