காவல் காமிராவுக்கும் காவல் தேவை

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பவானிபூர், அந்நகரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. 1984-ம் ஆண்டு அக்டோபர் 24-ம் நாள், இந்தியாவின் முதல் சுரங்க ரயில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அந்நிலையம் பின்னர் நேதாஜி பவன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் அருகே, எல்ஜின் சாலையிலுள்ள இல்லத்திலிருந்துதான், போலீசாரின் கண்காணிப்பில் இருந்த சுபாஷ் சந்திர போஸ் 1941 ஜனவரி 16-17 நள்ளிரவில் காரில் ஏறி மறைந்தார். அன்று அவ்வீட்டைக் கண்காணித்தது அந்நிய அரசு. இன்று இதே தெருக்களில் வீட்டுக்காரரே விரும்பிக் கண்காணிப்புக் காமிராவைப் பொருத்துகிறார். நோக்கம் வேறு, எனினும் பார்ப்பவர் யார் என்ற கேள்வி இன்றும் எழுகிறது.

பவானிபூர் போன்ற பகுதிகளில் இத்தேவை எழுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் வேலை நிமித்தம் பெங்களூருக்கோ, சென்னைக்கோ, வெளிநாட்டுக்கோ சென்றுவிட, பழைய வீடுகளில் முதியோர் தனித்து வாழ்கின்றனர். கொல்கத்தாக் காவல்துறை இத்தகைய மூத்த குடிமக்களுக்கெனப் 'பிரணாம்' என்னும் திட்டத்தை நடத்தி வருவதே இந்நிலைக்குச் சான்று. தொலைவிலுள்ள மகனோ மகளோ வீட்டு வாயிலையும் மாடிப்படியையும் கைப்பேசியில் பார்க்க விரும்புவது இயல்பே. அந்த வசதியை, அயலார் எவரும் உட்புக முடியாத வகையில் அமைத்துக்கொள்வது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தீமை விளைந்த விதம்

இணையத்தோடு இணைக்கப்பட்ட காமிரா, படம் பிடிக்கும் கண்ணாடி பொருத்திய ஒரு சிறு கணினியே. அதற்கு நினைவகம் உண்டு, இயக்க மென்பொருள் உண்டு, பயனாளர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. ஆகவே கணினிக்கு நேரக்கூடிய தீமைகள் யாவும் அதற்கும் நேரக்கூடும்.

2016-ம் ஆண்டில் 'மிராய்' என்ற தீங்கு நிரல் உலகெங்கும் பரவியது. அதில் நுட்பமான தந்திரம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைக்கப்பட்டு, வாங்கியவர் மாற்றாமல் விட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததே அதன் வேலை. இம்முறையில் காமிராக்கள், பதிவுப் பெட்டிகள், ரூட்டர்கள் எனச் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் வயப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 21-ம் நாள் அக்கருவிகள் பலவற்றை ஏவி, 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல அன்று செயலிழந்தன. தத்தம் வீட்டுக் காமிராக்களும் அத்தாக்குதலில் பங்கேற்றன என்பதை உரிமையாளர்கள் அறியவே இல்லை.

நம் நாட்டில் நேர்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் இணையத்தில் உலவியது 2025 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அக்காட்சிகள் அம்மருத்துவமனையின் கண்காணிப்புக் காமிராக்களிலிருந்தே திருடப்பட்டவை. அகமதாபாத் போலீசார் பலரைக் கைது செய்தனர். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லே திருடருக்கு வழி திறந்தது என்பது புலனாய்வில் தெரியவந்தது. காவலுக்கென வைத்த கருவி கவனக்குறைவால் களவுக்குத் துணைபோயிற்று.

மூன்று வழிகள்

வீட்டிலுள்ள ரூட்டர் இரு வேலைகளைச் செய்கிறது. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்பது போன்ற எண்களில் தொடங்கும் உள்முகவரிகளை வழங்குகிறது. வெளியிலிருந்து அழைப்பின்றி வருவனவற்றைப் பொதுவாகத் தடுத்து நிறுத்துகிறது. எனவே வெளியூரிலிருக்கும் கைப்பேசி காமிராவை நேரடியாக அடைய இயலாது. இத்தடையைக் கடக்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, ரூட்டரில் ஒரு போர்ட் எண்ணைத் திறந்து, அதன் வழி வருவோரை நேராகக் காமிராவிடம் அனுப்புவது. இது எளிது, ஆனால் ஆபத்து மிகுந்தது. இணைய முகவரிகளை ஓயாது தேடித் தட்டிப் பார்க்கும் நிரல்கள் எண்ணற்றவை. அவற்றின் கண்ணில் திறந்த போர்ட் படாமல் போகாது. போர்ட் எண்ணை 80 அல்லது 554 என்பதிலிருந்து வேறோர் எண்ணுக்கு மாற்றுவதால் கண்டுபிடிப்பது சற்றுத் தாமதமாகுமேயன்றித் தடைபடாது. வீட்டு உபயோகத்துக்கு இவ்வழியைத் தவிர்ப்பதே நன்று.

இரண்டாவது, தயாரிப்பாளரின் செயலியும் சர்வரும் வழியாகப் பார்ப்பது. காமிராவும் கைப்பேசியும் தாமாக வெளியே சென்று அந்தச் சர்வரில் சந்திக்கின்றன. வீட்டு ரூட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குடும்பங்கள் பின்பற்றுவது இதுவே. ஆனால் பாதுகாப்பின் ஒரு பகுதி நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. 2021 மார்ச்சில் ஓர் அமெரிக்கக் காமிரா நிறுவனத்தின் மேலாளர் நிலைக் கடவுச்சொல் வெளிப்பட்டது. அதைக்கொண்டு உட்புகுந்தோர், ஏறத்தாழ 1.5 லட்சம் காமிராக்களின் காட்சிகளைத் தாம் பார்க்க முடிந்ததாகக் கூறினர்.

மூன்றாவது, வி.பி.என். எனப்படும் தனிவழி. வெளியூரிலுள்ள கைப்பேசிக்கும் வீட்டு ரூட்டருக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு பாதை அமைக்கப்படுகிறது. அப்பாதையில் நுழைந்த கைப்பேசி வீட்டுக்குள்ளேயே இருப்பதுபோல் இயங்கும். காமிரா இணையத்தின் பார்வைக்கு வருவதே இல்லை. சற்று முயற்சி தேவைப்படினும் மூன்றனுள் உறுதியானது இதுவே.

முதலில் செய்ய வேண்டியவை

எவ்வழியைத் தேர்ந்தாலும் சில பணிகள் பொதுவானவை. காமிரா, பதிவுப் பெட்டி, ரூட்டர் ஆகிய ஒவ்வொன்றின் ஆலைக் கடவுச்சொல்லையும் மாற்றுதல் வேண்டும். நான்கு இலக்க எண்ணில் 10,000 சேர்க்கைகளே உள்ளன. ஒரு கணினி அவற்றைச் சில நொடிகளில் முயன்று முடிக்கலாம். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து அமைத்த நீண்ட கடவுச்சொல் நினைவில் நிற்கும், எளிதில் உடையாது.

காமிராவைப் பொருத்த வந்தவர் தமது கைப்பேசியிலேயே கணக்கைத் தொடங்கிக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. வேலை முடிந்ததும் கணக்கின் உரிமையை வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லை மாற்றி, பதிவாகியுள்ள பிற கைப்பேசிகளை நீக்குதல் அவசியம். செயலிக் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு வசதி இருப்பின் அதை இயக்க வேண்டும். ஒரே கடவுச்சொல்லை உறவினர் அனைவரும் பகிர்ந்துகொள்வதைவிட, ஒவ்வொருவருக்கும் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு அளிப்பது மேல்.

ரூட்டரில் 'யு.பி.என்.பி.' என்ற வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இயங்கினால், வீட்டுக்காரர் அறியாமலேயே கருவிகள் தமக்குத் தாமே போர்ட்டைத் திறந்துகொள்ளும். ஐ.பி.வி.6 முகவரி வழங்கும் இணைப்புகளில் ஒவ்வொரு கருவிக்கும் பொதுமுகவரி கிடைக்கலாம். ஆகையால் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை ரூட்டரின் தீயரண் தடுக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். காமிராக்களை வீட்டுக் கணினியிலிருந்து பிரித்துத் தனி வலையில் வைப்பதும், இயக்க மென்பொருளின் புதிய பதிப்புகளை அவ்வப்போது ஏற்றுவதும் நலம் பயக்கும்.

தனிவழி அமைக்கும் முறை

இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் இவ்வசதி உள்ளமைந்தே வருகிறது. இல்லாத இடத்தில் 'ராஸ்பெர்ரி பை' போன்ற சிறு கணினி அப்பணியைச் செய்யும். 'வயர்கார்டு' என்னும் இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. 2020 மார்ச்சில் இது லினக்ஸ் இயக்கத்தின் கருவிலேயே சேர்க்கப்பட்டது.

இம்முறையில் ஒவ்வொரு கைப்பேசிக்கும் இரு சாவிகள் உருவாக்கப்படுகின்றன. மறைச்சாவி அக்கைப்பேசியை விட்டு வெளியேறலாகாது. பொதுச்சாவி வீட்டு ரூட்டரில் பதியப்படும். ரூட்டரில் இதற்கென ஒரே ஒரு போர்ட் திறக்கப்படும். வழக்கமான எண் 51820. இது முதல் வழியில் கூறிய திறப்பினின்றும் வேறுபட்டது. பதியப்பட்ட சாவியின்றித் தட்டுவோருக்கு வயர்கார்டு மறுமொழியே தருவதில்லை; ஆகவே தேடும் நிரல்களுக்கு அங்கு ஒரு வாயில் இருப்பதே புலப்படாது. வீட்டின் இணைய முகவரி அடிக்கடி மாறுமாயின், அதைப் பின்தொடரும் ஒரு நிலைப்பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

இந்தியாவில் ஓர் இடையூறு உண்டு. இணைப்பு வழங்குவோர் பலர், பல சந்தாதாரருக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்தளிக்கின்றனர். ரூட்டரின் பக்கத்தில் காணும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைப்பு அவ்வகையானது எனக் கொள்ளலாம். அங்கு வீட்டு ரூட்டரில் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. நிலையான பொதுமுகவரியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அல்லது இருமுனையும் வெளியே சென்று சந்திக்கும் இடைச் சர்வர் ஒன்றை அமர்த்தலாம்.

அமைத்து முடிந்ததும் சோதித்தல் இன்றியமையாதது. கைப்பேசியில் வீட்டு வைஃபையை நிறுத்தி, மொபைல் இணைப்புக்கு மாற வேண்டும். தனிவழியை அணைத்த நிலையில் காமிரா தெரியக் கூடாது. இயக்கிய நிலையில் தெரிய வேண்டும். அணைத்த நிலையிலும் படம் வருமாயின், வேறெங்கோ ஒரு வாயில் திறந்திருக்கிறது என்பது பொருள். கைப்பேசி தொலைந்துபோனால் அதன் பொதுச்சாவியை மட்டும் ரூட்டரிலிருந்து நீக்கினால் போதும். மற்றவர்களின் இணைப்பு பாதிக்கப்படாது.

சேமிப்பும் மின்சாரமும்

ஒரு காமிரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்வதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 21.6 கிகாபைட் சேரும். நான்கு காமிராக்களுக்கு 86.4 கிகாபைட். 1 டெராபைட் கொள்ளளவுள்ள வட்டு ஏறக்குறைய 11 நாட்களில் நிரம்பிப் பழைய பதிவுகள் அழியத் தொடங்கும். நான்கையும் ஒருசேரத் தொலைவிலிருந்து பார்க்க, வீட்டிலிருந்து வெளிச்செல்லும் வேகம் நொடிக்கு 8 மெகாபிட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். கோடைப் புயல் வீசும் மாலைகளில் மின்சாரம் தடைபடலாம். அவ்வேளையில் காமிராவுக்கு மட்டும் மின்கலம் வைத்துப் பயனில்லை; ரூட்டருக்கும் அது தேவை.

வீட்டிலுள்ளோரின் உரிமை

பூட்டு வலுவாக அமைந்தபின்னும் ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. தொலைவிலிருப்பவருக்கு உரிமை அளித்தது போலவே, வீட்டில் வாழ்பவரின் இசைவையும் பெற வேண்டும். கொல்கத்தாவில் ஒரு கூட்டு வீட்டில் வாழ்ந்த சகோதரர்களிடையே எழுந்த வழக்கில், உடன் குடியிருப்பவரின் இசைவின்றி வசிக்கும் பகுதிக்குள் காமிராக்களை இயக்குவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ம் நாள் வழங்கிய தீர்ப்பே இதற்கு அடிப்படை.

ஆகவே வாயில், மாடிப்படி, முற்றம் ஆகியவற்றோடு காமிராவை நிறுத்திக்கொள்வதே முறை. படுக்கையறையும் குளியலறையும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அண்டை வீட்டுச் சன்னலும் அதன் பார்வையில் விழலாகாது. வீட்டுப் பணியாளருக்கும் காமிரா இருப்பதைத் தெரிவித்தல் வேண்டும். முதிய தாய் தமது பூஜையறையில் காமிரா வேண்டாம் என்றால், அந்த மறுப்புக்கு மதிப்பளிக்க வேண்டும். அவரது பாதுகாப்புக்காக வந்த கருவி அவரது மதிப்பைக் குறைக்கலாகாது.

அரசின் நடவடிக்கை

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. இந்தியாவில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் கண்காணிப்புக் காமிராக்களுக்கான பாதுகாப்புத் தேவைகளை வகுத்து அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் அவை நடைமுறைக்கு வந்தன. மென்பொருள், மறையாக்கம், நுழைவுக் கட்டுப்பாடு ஆகியவை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே ஒரு காமிரா பதிவு பெற இயலும். வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணைப் பார்த்து வாங்குவது பயனாளரின் கடமை.

அனுமதியின்றி ஒருவரது அந்தரங்க உறுப்புகளைப் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். காமிராவில் அயலார் புகுந்ததாக ஐயம் எழுந்தால், அதை இணையத்திலிருந்து துண்டித்து, பதிவுகளை அழிக்காமல் பாதுகாத்து, காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவிலோ தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ முறையிட வேண்டும். பண இழப்பும் நேர்ந்திருப்பின் 1930 என்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைத்தல் வேண்டும்.

ஒரு காமிராவை வாங்கும் நேரத்தில் பாதியைச் செலவிட்டால் இப்பணிகள் யாவற்றையும் செய்து முடிக்கலாம். அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, யார் யாரிடம் சாவி உள்ளது என்ற பட்டியலைக் குடும்பத்தார் கூடி ஒருமுறை சரிபார்த்தால், பவானிபூர் வீட்டின் வாயிலைப் பார்ப்போர் அவ்வீட்டார் மட்டுமே என்ற நம்பிக்கை நிலைபெறும்.