எட்டு எழுத்தும் பன்னிரண்டு குறியும்

கொல்லிமலை அடிவாரத்து ஊரான சேந்தமங்கலத்தின் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? 'சேந்தமங்கலம்' என எழுதி எண்ணினால் சே, ந், த, ம, ங், க, ல, ம் என எட்டு என்பீர்கள். இலக்கணப்படி அது சரியே. இதே வினாவைக் கணினியிடம் கேட்போம்.

பைத்தான் மொழியில் விசைப்பலகை உள்ளீட்டைப் பெற 'இன்புட்' என்னும் செயற்கூறு உண்டு. நிரல் அவ்விடத்தை அடைந்ததும் நின்று காத்திருக்கும். நாம் தட்டச்சு செய்து 'எண்டர்' விசையை அழுத்தியதும், அவ்வரி முழுவதும் ஒரு சரமாக நிரலை வந்தடையும். எதனைத் தட்டச்சு செய்தாலும் வருவது சரமே. 5, 7 ஆகிய இரண்டையும் பெற்று அப்படியே கூட்டினால் 12 வாராது; 57 என ஒட்டி நிற்கும். 'இன்ட்' என்னும் செயற்கூற்றால் எண்ணாக மாற்றிய பின்னரே கூட்டல் நிகழும். ௫, ௭ எனத் தமிழ் எண்களை உள்ளிட்டாலும் 'இன்ட்' அவற்றை 5, 7 என்றே கொள்ளும் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி ஊர்ப்பெயரை உள்ளிட்டு, சரத்தின் நீளத்தை அளக்கும் 'லென்' செயற்கூற்றிடம் தருக. விடை 12. ஒருங்குறியில் ச ஒரு குறி; ஏகாரத்தின் கொம்பு மற்றொரு குறி. ந ஒன்று, அதன் புள்ளி மற்றொன்று. இவ்வாறு சே, ந், ங், ம் ஆகிய நான்கும் இவ்விரண்டாகி, எட்டு பன்னிரண்டாகின்றது. மெய்யோடு அகரம் சேர்ந்தால் உயிர்மெய் என்பது நம் இலக்கண மரபு. ஒருங்குறியோ அகரமேறிய எழுத்தை முதலாகக் கொண்டு, புள்ளியைத் தனியே இடுகின்றது.

விரல்களின் கணக்கு வேறு. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் ந, த என அடுத்தடுத்து அழுத்தினால் இடையிலுள்ள புள்ளி தானே விழும். ங, க என்பனவும் அவ்வாறே. இனவெழுத்து இலக்கணத்தை விசைப்பலகைக்குள் வைத்தவர்களின் மதிநுட்பம் பாராட்டத்தக்கது. ஆகவே பத்து விசைகளிலேயே ஊர்ப்பெயர் நிறைவுறும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. தந்தை பெயரைப் பெற்று, அதன் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக அச்சிடும் நிரலொன்றை எழுதுவதாகக் கொள்வோம். கோவிந்தன் என்னும் பெயரில் முதற்குறியை மட்டும் எடுத்தால் 'கோ' என்பது 'க' எனக் குறைந்து நிற்கும். சேகரின் மகளுக்கும் சங்கரின் மகளுக்கும் சான்றிதழில் ஒரே 'ச' வந்து சேரும். ஒருவர் தம் பெயருக்கு முன் தாங்கும் தந்தையின் எழுத்து இவ்வாறு திரிதல் சிறு பிழையாகாது.

முதற்குறியை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின், அதனையும் சேர்த்து எடுக்குமாறு நிபந்தனை எழுதுதல் வேண்டும். உயிர்க்குறிகள் பதினொன்று, புள்ளியோடு பன்னிரண்டு. இவற்றை ஒரு சரமாக நிரலின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால், நிபந்தனை ஒரே வரியில் அடங்கிவிடும். 'க்ஷ' போன்ற வடவெழுத்துகளுக்கு மட்டும் இவ்விதி போதாது. இப்பன்னிரு குறிகளையும் தவிர்த்து எண்ணுமாறு செய்தால், சேந்தமங்கலத்திற்கு எட்டு என்னும் விடையைக் கணினியும் தரும்.