பயிர்க்காவல் துப்பாக்கிக்குக் குட்டைக்கோல்

நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் ஏரிக்கரைப் புதரிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் வயலைக் கிளறிப்போட்டுவிடுவதை உத்திரமேரூர், வாலாஜாபாத் பகுதி உழவர்கள் நன்கு அறிவார்கள். பயிர்க்காவலுக்கென வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெற, 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இடமுண்டு. அவ்வாறு உரிமம் பெற்ற உழவர்களுக்காகவே இக்கட்டுரை. துப்பாக்கியைப் பற்றியல்லாமல், அதைக் கெட்டிக்கும் கோலைப் பற்றி இங்குக் கூறுகிறோம். கண்ணையும் கையையும் பறிக்கும் தவறுகள் கெட்டிக்கும்போதே நுழைந்துவிடுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே பன்றியையோ மயிலையோ கொல்ல உரிமை வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியே உள்ளது. வயலில் இறந்து கிடக்கும் மயிலுக்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. பன்றித் தொல்லை மிகுந்தால் வனத்துறைக்கு எழுதுங்கள்.

குட்டைக்கோல் எதற்கு?

1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியபோது இரு பக்கத்துக் காலாட்படையும் பெரிதும் நம்பியவை வழுவழுப்பான குழலுள்ள துப்பாக்கிகளே. அவற்றில் குண்டு தளர்வாக இறங்கும். ஒரே நீண்ட கோல் போதும். குழலின் உட்புறம் முறுக்குப் பள்ளம் வெட்டிய ரைபிளில் நிலைமை வேறு. அதில் எண்ணெய் தடவிய துணியில் பொதிந்த குண்டு வாயிலேயே இறுகி நிற்கும். நீண்ட கோலால் அதைத் தள்ள முயன்றால் கோல் வளைந்து முறியும். முறிந்த மரமுனை உள்ளங்கையைத் துளைத்துவிடும். ஆகவே முதல் ஒரு சாண் தூரத்திற்கு மட்டும் குட்டைக்கோலைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்ப் பயிர்க்காவல் துப்பாக்கிகள் பெரும்பாலும் வழுவழுப்பான குழலுள்ளவை. தளர்வான தக்கை வைப்போருக்குக் குட்டைக்கோல் தேவையில்லை, வீண் செலவு. இறுக்கமான கனத்த தக்கை வைப்போருக்கு அது பயன்படும்.

தேர்ந்தெடுத்தல்

கைப்பிடி சிறு கொய்யாக்காய் அளவில் உருண்டையாக, உள்ளங்கைக்குப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். அதில் இரு முளைகள் இருக்கும். சுமார் 1 செ.மீ. நீளமுள்ள குட்டை முளை தக்கையையோ குண்டையோ வாய்மட்டத்திற்குக் கீழே இறக்கும். 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள மற்றொன்று அதை மேலும் தள்ளும். பருமன் குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றே குறைவாக இருக்கட்டும். முனைக்குப் பித்தளைப் பூண் நல்லது; இரும்பு முனை வேண்டாம், உரசினால் பொறி பறக்கக்கூடும். கணுவில்லாத, நேரிழை மரமாகப் பாருங்கள். தறிச் சாமான்கள் கடையும் கடைசல்காரரே கைப்பிடியைக் கடைந்து கொடுத்துவிடுவார்.

பொதியும் துணி நெருக்கமாக நெய்த தூய பருத்தியாக இருத்தல் வேண்டும். காஞ்சிபுரத்தில் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் பாலியஸ்டர் கலந்தது உருகிக் குழலில் ஒட்டும். ஜரிகை ஓடிய துண்டும் வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

குட்டைக்கோலை அழுத்தும்போது உங்கள் உள்ளங்கை குழல் வாய்க்கு நேர் மேலே இருக்கிறது. உள்ளே மருந்தும் இருக்கிறது. இதை ஒருபோதும் மறக்கலாகாது. முன்பு சுட்ட குழலில் கனன்றுகொண்டிருக்கும் துகள் இருக்கலாம். எனவே சற்றுப் பொறுத்து, ஈரத்துணி சுற்றிய கோலால் துடைத்த பின்னரே மீண்டும் மருந்திடுக. கேப்பு வைப்பது எல்லாவற்றிற்கும் கடைசி வேலை. வாயை முகத்திற்கு விலக்கிச் சாய்த்துப் பிடியுங்கள்.

குட்டைக்கோலின் வேலை முடிந்ததும் நீண்ட கோலை வாய்க்கு மேலே ஒரு சாண் விட்டுப் பிடித்து, சிறிது சிறிதாகத் தள்ளுக. குண்டு மருந்தின்மேல் சென்று அமர்தல் வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் உப்பிப் பிளக்கலாம். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. குழல் காலியாக உள்ளபோதும், சரியாகக் கெட்டித்தபோதும், கோல் வாய்மட்டத்தில் நிற்கும் இடங்களில் கத்தியால் இரண்டு கோடுகள் கீறி வையுங்கள். நேற்று யாரேனும் கெட்டித்து வைத்துவிட்டார்களா என்ற ஐயத்தையும் இக்கோடுகள் தீர்க்கும்.

எடுத்துச் செல்லுதல்

இருட்டில், அவசரத்தில், கோலைக் குழலுக்குள்ளேயே விட்டுச் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. அதனால் குட்டைக்கோலுக்கு ஓர் இடம் நிலையாக வேண்டும். இடுப்புப் பையில் தனி அறை தைத்து, ஒரு முழக் கயிற்றில் பையோடு பிணைத்து வையுங்கள். கழுத்தில் தொங்கவிடலாகாது, வேலிமுள்ளில் சிக்கும். கேப்பு வைக்குமுன் கை இரண்டு இடங்களைத் தொட்டுப் பார்க்கட்டும்: பையில் குட்டைக்கோல், குழலின் கீழுள்ள வளையத்தில் நீண்ட கோல். இரண்டும் இருந்தாலன்றிக் கேப்பை எடுக்காதீர்கள்.

பரணுக்கு ஏறும்போது துப்பாக்கி கெட்டிக்காமல் இருக்கட்டும். மழைக்காலத்தில் மரக்கோல் ஈரம் ஏறிப் பருக்கும். ஐப்பசிக்கு முன் ஒருமுறை ஆளி விதை எண்ணெய் தேய்த்து நிழலில் உலர்த்தி, குழலில் விட்டு இலகுவாக ஓடுகிறதா என்று பார்த்து வையுங்கள்.