மருத்துவத் தொழில்நுட்பமும் கருத்தொருமிப்பு மாநாடுகளும்

ஒரு புதிய பரிசோதனை முறையை யாருக்கு, எந்த வயதில், எத்துணைச் செலவில் அளிப்பது என்பதை ஆய்வுக்கூடம் மட்டுமே முடிவு செய்துவிட இயலாது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது அவற்றை எடைபோட ஒரு மன்றம் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1977 முதல் 2013 வரை நடத்திய கருத்தொருமிப்பு மாநாடுகள் இத்தகைய மன்றங்களே.

இவற்றின் நடைமுறை ஓரளவு நீதிமன்ற விசாரணையை ஒத்திருந்தது. விவாதத்திற்குரிய பொருளில் முன்னரே ஒரு பக்கம் சாய்ந்தவர்களுக்கு நடுவர் குழுவில் இடமில்லை. வல்லுநர்கள் சான்றுகளை முன்வைப்பர். அவையோரும் வினா எழுப்பலாம். பின்னர் குழுவினர் தனித்துக் கூடி, பெரும்பாலும் இரவெல்லாம் விழித்திருந்து, அறிக்கை எழுதி மறுநாள் காலை அவையில் படிப்பர். தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க்கு மார்புத் தசைகளையும் சேர்த்து அகற்றும் பழைய அறுவை முறை தேவையில்லை என்று 1979ஆம் ஆண்டுக் குழு கூறியது இவ்வாறே.

ஆயினும் குழுவின் கருத்து வேறு, நாட்டின் முடிவு வேறு. 40 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் அனைவருக்கும் மாமோகிராம் எனும் மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றும், நன்மை தீமைகளை அறிந்து ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யலாம் என்றும் 1997 ஜனவரியில் ஒரு குழு அறிவித்தது. உடனே கடும் எதிர்ப்பு எழுந்தது. இறுதி அறிக்கையில் குழுவின் சிறுபான்மையினரது மாற்றுக் கருத்தும் இடம்பெற்றது. பிப்ரவரியில் செனட் சபை 98 வாக்குகளுடன், எதிர்ப்பின்றி, இவ்வயதினருக்கான பரிசோதனையை ஆதரித்தது. மார்ச்சில் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளப் பரிந்துரைத்தது.

இதனை அரசியல் தலையீடு என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது. இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் முடிவு, அதனால் நேரும் வீண் திசுச் சோதனை, மன உளைச்சல் ஆகியவற்றை ஒரு தட்டிலும், காக்கப்படக்கூடிய உயிர்களை மறுதட்டிலும் வைத்து நிறுப்பது புள்ளியியலாருக்கு மட்டும் உரிய பணியன்று. மருத்துவர்களே நிறைந்த அவையில் இவ்வினா முழுமையாக எழுவதும் அரிது.

டென்மார்க் வேறு வழியை மேற்கொண்டது. 1987 முதல் அங்கு நடைபெற்ற மாநாடுகளில் துறையறிவு இல்லாத குடிமக்களே குழுவாயினர். அவர்கள் முன்கூட்டியே வார இறுதிகளில் கூடிப் பொருளைப் பயின்று, வினாக்களைத் தாமே வகுத்தனர். வல்லுநர்கள் விடையளித்தனர்; அறிக்கையை எழுதும் உரிமை குடிமக்களிடமே இருந்தது.

இந்தியாவில் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ்ச் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு 2017இல் ஏற்பட்டது. ஆய்வுக்குரிய பொருள்களைப் பெரும்பாலும் மத்திய, மாநிலச் சுகாதாரத் துறைகள் முன்மொழிகின்றன. சான்றுகளை வல்லுநர் குழு பரிசீலிக்கிறது.