நாடுகளுக்கும் உண்டு மார்க் ஷீட்!



ரிசல்ட் வரும் நாள் என்றாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இத்தனைக்கும் நம் மார்க் குறைந்தால் பாதிப்பு நமக்கும் நம் வீட்டுக்கும்தான். ஆனால் ஒரு நாட்டுக்கே மார்க் போடுகிறார்கள் தெரியுமா? அது குறைந்தால் அந்த நாட்டுக்குக் கடன் கிடைப்பது கஷ்டமாகும், வட்டி ஏறும். கடைசியில் எல்லாம் சாதாரண மக்கள் தலையில்தான் வந்து விடியும்.

"பொருளாதாரம் நம்ம சிலபஸிலேயே இல்லையே, நமக்கு எதுக்குப்பா?" என்று சிலர் கேட்கலாம். அளவெடுப்பது நம் சிலபஸ்தானே! ஒரு கருவி எதை அளக்கிறது, எங்கே ஏமாற்றும் என்று பார்ப்பது நம் தொழில். அந்தக் கண்ணோடு இந்த மார்க் ஷீட்டைப் பார்ப்போம், வாருங்கள்.

கேள்வித்தாள் எப்படி?

வளரும் நாடுகளுக்கு மார்க் போடுவதில் முக்கியமானது உலக வங்கி. 1970-களின் பிற்பகுதியிலேயே இந்த வேலையை ஆரம்பித்துவிட்டது. ரொம்ப நாள் ரகசியமாக வைத்திருந்தார்கள். 2005-ஆம் ஆண்டுக்கான மார்க்கை 2006-ல்தான் முதன்முதலாக முழுமையாக வெளியிட்டார்கள், அதுவும் சலுகைக் கடன் பெறும் ஏழை நாடுகளுக்கு மட்டும். யாருக்கு எவ்வளவு சலுகைக் கடன் என்று முடிவு செய்வதில் இந்த மார்க்குக்குப் பங்கு உண்டு.

மொத்தம் 16 கேள்விகள், நான்கு பிரிவுகள். குறைந்த மார்க் 1, அதிகபட்சம் 6. முதல் பிரிவுதான் பொருளாதார நிர்வாகம். அதில் மூன்று கேள்விகள்:

1. பணமும் நாணய மாற்று விலையும்: நோட்டு அடிப்பதில் கட்டுப்பாடு உண்டா? விலைவாசி கைக்குள் இருக்கிறதா?

2. வரவு செலவு: அரசு வரியாக வாங்குவதற்கும் செலவழிப்பதற்கும் பொருத்தம் உண்டா?

3. கடன்: வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் வழி தெரிந்துதான் வாங்கினார்களா?

இதில் ஒரு நல்ல விதி இருக்கிறது. நாடு பணக்கார நாடா, ஏழை நாடா என்பதற்கு மார்க் இல்லை, நிர்வாகத்துக்குத்தான் மார்க். மழையில் ரோடு வழுக்குவது டிரைவர் குற்றமல்ல. பிரேக்கைப் பார்க்காமல் வண்டியை எடுத்தது அவர் குற்றம்தானே!

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர்

ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவும் ஜிம்பாப்வேயும் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள். 1966-ல் சுதந்திரம் அடைந்தபோது போட்ஸ்வானா உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே பெரிய வைரப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. வந்த பணத்தை அவர்கள் அப்படியே தின்று தீர்க்கவில்லை. ஒரு பகுதியைச் சேமித்து, 1994-ல் 'பூலா நிதி' என்று தனியாக ஒதுக்கினார்கள். 2009-ல் வைரம் விலைபோகாமல் சுரங்கங்கள் சில மாதம் மூடிக் கிடந்தபோது, அந்தச் சேமிப்பும் கடன் வாங்கும் தகுதியும் கைகொடுத்தன.

ஜிம்பாப்வே என்ன செய்தது? செலவுக்குப் பணம் இல்லாதபோது நோட்டு அடித்தது. 2008 ஜூலையில் அரசே சொன்ன பணவீக்கம் 23 கோடி சதவீதத்துக்கும் மேல்! 2009 ஜனவரியில் ஒன்றுக்குப் பின்னால் 14 பூஜ்யம் போட்ட நோட்டு வந்தது. நம் கணக்கில் கோடி கோடி டாலர். அதே ஆண்டில் மக்கள் சொந்த நாணயத்தை விட்டுவிட்டு அமெரிக்க டாலரையும் தென்னாப்பிரிக்க ராண்டையும் கையில் எடுத்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணம் வெறும் காகிதமானால் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் என்ன ஆவார், யோசித்துப் பாருங்கள்.

மீட்டர் சொன்னது, யாரும் கேட்கவில்லை

உலக வங்கி தவிர எஸ் அண்டு பி, மூடிஸ், ஃபிட்ச் என்ற தனியார் நிறுவனங்களும் நாடுகளுக்குத் தரம் போடுகின்றன. நம் பக்கத்து நாடான இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அப்போது கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அடுத்து கொரோனா வந்து சுற்றுலா படுத்தது. வரவு விழுந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. 2020-லேயே மூடிஸும் ஃபிட்சும் தரத்தை மிகக் கீழே இறக்கி எச்சரித்தன. அரசு அதை ஏற்கவில்லை.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று இலங்கை அறிவித்தது. அந்தச் செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் வரிசையில் கால்கடுக்க நின்றார்கள். கொரோனா வந்தது யார் குற்றமும் அல்ல. ஆனால் அதற்கு முன்பே வரவைக் குறைத்துக்கொண்டது நிர்வாகம் எடுத்த முடிவு.

ஜீரோ எரர்!

அப்படியென்றால் மீட்டர் சொல்வதை நம்பினால் போதுமா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

1997-க்கு முன் தாய்லாந்து வகுப்பில் முதல் பெஞ்சு மாணவன். வேகமான வளர்ச்சி, அடங்கிய விலைவாசி, பல ஆண்டுகளாக உபரி பட்ஜெட். அந்நியச் செலாவணிக் கையிருப்பும் 3,000 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கு காட்டியது. ஆனால் தன் நாணயமான பாத் விழாமல் காப்பாற்ற, "பின்னால் தருகிறேன்" என்று சொல்லி ஏறத்தாழ 2,300 கோடி டாலரை மத்திய வங்கி முன்கூட்டியே விற்றிருந்தது. அது வெளியே தெரியவில்லை. நண்பன் பாக்கெட்டில் 300 ரூபாய் இருக்கிறது, ஆனால் அதில் 230 ரூபாய் கடைக்காரருக்குச் சேர வேண்டியது என்கிற கதைதான்!

1997 ஜூலை 2-ல் பாத்தைத் தாங்க முடியாமல் கைவிட்டார்கள். டாலருக்கு 25 பாத் என்றிருந்தது, 1998 ஜனவரியில் 50-ஐத் தாண்டியது. தீ தென்கொரியாவுக்கும் பரவியது. உயர்ந்த தரம் கொடுத்து வைத்திருந்த நிறுவனங்கள், வீடு பற்றியெரிந்த பிறகு அவசர அவசரமாகத் தரத்தை இறக்கின.

வெர்னியரைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் என்ன பார்ப்போம்? ஜீரோ எரர். அதைப் பார்க்காமல் எத்தனை ரீடிங் எடுத்தாலும் அத்தனையும் தப்பு. நாட்டின் மார்க்கும் அப்படித்தான்.

நாம் கேட்க வேண்டியவை

இனிமேல் பேப்பரில் 'இந்த நாட்டின் தரம் உயர்ந்தது', 'அந்த நாட்டின் தரம் தாழ்ந்தது' என்று படித்தால் மூன்று கேள்வி கேட்போம். அந்த மார்க் நிர்வாகத்துக்கா, அதிர்ஷ்டத்துக்கா? வைரமோ எண்ணெயோ விலை ஏறினால் யார் வேண்டுமானாலும் கெட்டிக்காரராகத் தெரியலாம். கணக்கில் காட்டாத பாக்கி ஏதாவது இருக்கிறதா? மார்க் போடுபவர் யார்? உலக வங்கி மார்க் போடுகிறது, அதுவே கடனும் கொடுக்கிறது. தனியார் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் ஃபீஸ் கட்டுவதே மார்க் வாங்குபவர்தான்!

அதற்காக மார்க்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரஷர் கேஜ் சில சமயம் தப்புக் காட்டும் என்பதற்காக யாரும் கேஜ் இல்லாமல் பாய்லர் ஓட்டுவதில்லை. ஆனால் நல்ல ஆபரேட்டர் முள்ளையும் பார்ப்பார், சத்தத்தையும் கேட்பார், குழாயையும் தடவிப் பார்ப்பார். ஒரு நாட்டில் அந்தச் சத்தம் கேட்பது மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்க் வரிசையிலும்தான். அதைக் கேட்கும் காது நமக்கும் வேண்டும், நண்பர்களே!