ஸ்டிரிங்ஸ் லைப்ரரி தேர்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்டிரிங்ஸ் சாம்பிள் லைப்ரரி என்பது வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் கலைஞர்களை ஓர் அரங்கில் உட்கார வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் பலவித வில் வீச்சுகளில், பல ஒலியளவுகளில் வாசிக்கச் செய்து, தனித்தனியே பதிவுசெய்து அடுக்கிய தொகுப்பு. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மென்பொருள் அந்தப் பதிவுகளிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுத்து ஒலிக்கிறது. 1963-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உருவான மெல்லோட்ரான் என்ற கருவி இதையே காந்த நாடாவில் செய்தது. கட்டைக்கு ஒரு நாடா; ஒரு சுரம் ஏறத்தாழ எட்டு வினாடிக்கு மேல் நீளாது. இன்று அந்த வரம்பு போய்விட்டது. ஆனால் அடிப்படை மாறவில்லை: லைப்ரரியில் இருப்பது முன்பே வாசித்து முடித்த வாசிப்பு. எந்த அரங்கு, எத்தனை பேர், வில்லை எவ்வளவு அழுத்துவது, விரலை எவ்வளவு அசைப்பது என்ற முடிவுகளெல்லாம் பதிவு நாளிலேயே எடுக்கப்பட்டுவிட்டன. வாங்குகிறவர் கையில் மிச்சமிருப்பது, அந்த முடிவுகள் தன் இசைக்கு ஒத்துவருமா என்று பார்ப்பது மட்டுமே. லைப்ரரிகளைப் பற்றிப் புழங்கும் தவறான நம்பிக்கைகள் பெரும்பாலும் இதை மறப்பதால் பிறப்பவை.

நம்பிக்கை: ஜிகாபைட் கூடக் கூட உண்மைத்தன்மையும் கூடும்.

ஒரு சிறு கணக்கு போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்ற வழக்கமான தரத்தில், சுருக்கப்படாத ஒரு வினாடி ஒலிக்கு 2,88,000 பைட் தேவை. ஒரு வயலின் குழுவின் நீண்ட சுரங்களை ஒரு முழுச்சுர இடைவெளிக்கு ஒன்றாக 22 சுரங்கள், மூன்று ஒலியளவுகள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை, ஆறு வினாடி நீளத்தில் பதிவுசெய்தால் மொத்தம் 792 வினாடி. ஏறத்தாழ 228 மெகாபைட். அதே வாசிப்பை நான்கு மைக் நிலைகளில் பிடித்தால் 912 மெகாபைட் ஆகிவிடும். கோப்பு நான்கு மடங்கு பெருத்தது. வாசிப்பில் ஒரு வில் வீச்சுகூடக் கூடவில்லை. ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனம் 2019-ல் லண்டனின் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவுசெய்து வெளியிட்ட பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியின் மிகச் சிறிய பதிப்பு ஏறத்தாழ 200 மெகாபைட். மிகப் பெரிய பதிப்பு பல நூறு ஜிகாபைட். வாசிப்பு வகைகளும் அதில் கூடுதல்தான் என்றாலும், அளவு இவ்வளவு பெருக மைக் நிலைகளும் ஒரு பெரிய காரணம்.

கவனிக்க வேண்டியது, அந்த இடம் எதற்காகச் செலவாகியிருக்கிறது என்பதை. ஒரே சுரம் அடுத்தடுத்து வரும்போது ஒரே பதிவு திரும்ப ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இயந்திரத் துப்பாக்கி போலத் தடதடக்கும். ஆகவே குறுஞ்சுரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பல மாற்றுப் பதிவுகள் வேண்டும். அதைவிடப் பெரிய உழைப்பு லெகாட்டோவில் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வில்லை எடுக்காமல் நகரும் அந்தக் கணமே தனியாகப் பதிவாக வேண்டும். 36 அரைச்சுரங்கள் உள்ள எல்லையில், ஒவ்வொன்றிலிருந்தும் மேலே 12, கீழே 12 நகர்வுகள் என்றால் 864. எல்லை ஓரங்களில் சில குறையும். இரண்டு ஒலியளவுகளில் எடுத்தால் இரட்டிக்கும். வியன்னா சிம்போனிக் லைப்ரரி நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியது. அதுவரை கணினி ஸ்டிரிங்ஸில் மெட்டு சுரம் சுரமாக ஒட்டுப்போட்டது போல் கேட்டது; பிறகு அது பாடலாக ஓடியதற்குக் காரணம் இந்த நகர்வுப் பதிவுகள்தான்.

நம்பிக்கை: வாசிப்பவர் அதிகமானால் ஒலி பிரம்மாண்டமாகும்.

முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் ஸ்டிரிங்ஸ் பிரிவு வழக்கமாக 16 முதல் வயலின், 14 இரண்டாம் வயலின், 12 வியோலா, 10 செல்லோ, 8 டபுள் பாஸ் என 60 பேரைக் கொண்டது. ஸ்பிட்ஃபயரின் சேம்பர் ஸ்டிரிங்ஸ் லைப்ரரியில் 4, 3, 3, 3, 3 என 16 பேர்தான். ஆட்கள் இரட்டித்தால் ஒலியின் அளவு ஏறத்தாழ 3 டெசிபெல் உயர்கிறது. 16 பேருக்கும் 60 பேருக்கும் இடையே 6 டெசிபெல்கூட வராது. மிக்ஸிங்கில் ஒரு ஃபேடரை நகர்த்தினால் தீரும் வித்தியாசம் இது. உண்மையில் மாறுவது ஒலியின் இழை. பலர் சேர்ந்து வாசிக்கையில் ஒவ்வொருவரின் சிறு சுருதி வேறுபாடும் நேர வேறுபாடும் ஒன்றோடொன்று கரைந்து வழவழப்பாகின்றன. கூடவே வில் கம்பியைக் கவ்வும் ஓசையும் மங்கிவிடுகிறது. மெதுவான, அகன்ற இசைக்கு இது அழகு. வேகமான, விளிம்பு தெரிய வேண்டிய இசைக்குச் சிறு குழுவே தெளிவைத் தரும்.

பெரிய குழுவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 16 வயலின்களின் பதிவில் மூன்று சுரக் கார்டு வாசித்தால், கேட்பது 48 வயலின்கள். நிஜக் குழுவில் அதே 16 பேர் மூன்றாகப் பிரிந்து வாசிப்பார்கள், ஒலி மெலியும். ஆடியோப்ரோவின் எல்ஏ ஸ்கோரிங் ஸ்டிரிங்ஸ் 2009-ல் குழுக்களைச் சிறு பிரிவுகளாகவே பதிவுசெய்து வெளியிட்டது இதற்காகத்தான். கார்டுகளை அதிகம் எழுதும் இசையமைப்பாளருக்குப் பிரிவுகளோடு வரும் லைப்ரரியோ சிறு குழு லைப்ரரியோ, 60 பேர் கொண்ட லைப்ரரியைவிட அதிகம் பயன்படும்.

நம்பிக்கை: எதிரொலி இல்லாத பதிவே நல்லது, ரிவெர்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பாதி உண்மை. எதிரொலி நிறைந்த பதிவிலிருந்து அரங்கைப் பிரித்தெடுப்பது கடினம். லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் முன்பு தேவாலயமாக இருந்த ஏர் ஸ்டுடியோவின் லிண்ட்ஹர்ஸ்ட் ஹாலில் பதிவான லைப்ரரியில் அந்தக் கட்டடம் ஒவ்வொரு சுரத்தோடும் வரும். அந்த அரங்கு பிடித்திருந்தால் ஆதாயம். நெருக்கமான, காதோரம் வாசிப்பது போன்ற ஒலி வேண்டுமென்றால் அதுவே தடை. ஆனால் எதிரொலியற்ற பதிவுக்கு எந்த அரங்கையும் பிறகு கொடுத்துவிடலாம் என்பதும் சரியல்ல. வயலின் எல்லாத் திசைகளிலும் ஒரேபோல் ஒலிப்பதில்லை. உயர் அலைவரிசைகள் ஒரு பக்கமும் தாழ் அலைவரிசைகள் இன்னொரு பக்கமும் ஓங்குகின்றன. சுவர்களிலிருந்து திரும்பி வருவது மைக் கேட்ட ஒலியின் நகலாக இருக்காது. ஒரு மைக் பதிவை ரிவெர்ப் மென்பொருளுக்குள் அனுப்பினால் எதிரொலியின் வால் கிடைக்கும். கருவி அறையோடு பேசும் பேச்சு முழுதாகக் கிடைக்காது. எதிரொலியடக்கிய தன் சைலன்ட் ஸ்டேஜ் பதிவுகளால் பெயர்பெற்ற வியன்னா நிறுவனமே பிறகு அந்நகரின் ரோசன்ஹூகல் திரைப்பட நிலைய வளாகத்தில் பெரிய அரங்கைப் புதுப்பித்து, அரங்கின் இயல்பொலியோடு புதிய வரிசையைப் பதிவுசெய்யத் தொடங்கியது.

அரங்கில் இருக்கைப்படி பதிவான லைப்ரரியில் முதல் வயலின்கள் இடப்புறமும் டபுள் பாஸ்கள் வலப்புறமும் ஏற்கெனவே அமர்ந்திருப்பார்கள். அவற்றை மறுபடி இடம் வலமாக நகர்த்த (பேன் செய்ய) தேவையில்லை.

நம்பிக்கை: சுரம் தாமதமாக ஒலித்தால் லைப்ரரியில் கோளாறு.

லைப்ரரியை மாற்றத் தூண்டும் குறைகளில் இது முக்கியமானது. பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். லெகாட்டோவில் ஒலிப்பது சுரத்துக்கு முந்தைய நகர்வு. விரல் வழுக்கி அடுத்த சுரத்தைத் தொட நிஜக் கலைஞருக்கும் நேரம் பிடிக்கிறது. அவர் அதை முன்கூட்டியே தொடங்கித் தாளத்தில் சரியாகப் போய்ச் சேர்கிறார். கணினிக்கோ அடுத்த சுரம் எது என்பது கட்டை அழுந்தும் வரை தெரியாது. சிட்னியின் டிராக்டவுன் அரங்கில் பதிவாகி 2016-ல் வந்த சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்டிரிங்ஸில் மெதுவான லெகாட்டோ நகர்வுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடி அரை வினாடி. அதாவது சுரம் முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தும். இது திட்டமிட்டே வைக்கப்பட்டது. அந்த லைப்ரரியின் மெட்டுகள் உருகி ஓடுவதற்குக் காரணமும் அந்த நீளம்தான். கட்டையை மெல்ல அழுத்தினால் மெதுவான நகர்வு, வேகமாக அழுத்தினால் குறுகிய நகர்வு. ஒவ்வொன்றுக்கும் தாமதம் வேறு. ஆகவே டிராக் முழுவதையும் ஒரே அளவு முன்னே தள்ளிவிடுவது பாதித் தீர்வுதான். சுரங்களை அதனதன் வேகத்துக்கேற்ப முன்னே நகர்த்த வேண்டும்.

இதிலிருந்து தேர்வுக்கான கேள்வி தானாகவே வருகிறது. சுரங்களைப் பொறுமையாகத் திரையில் எழுதிச் சீர்செய்கிறவருக்குத் தாமதம் ஒரு பொருட்டல்ல. காட்சி ஓட ஓடக் கீபோர்டில் வாசித்தே பின்னணி இசை அமைப்பவருக்கு அதே லைப்ரரி கையைக் கட்டிப்போடும். அவருக்குக் குறைந்த தாமதமுள்ள லைப்ரரி, நகர்வின் அழகு சற்றுக் குறைந்தாலும், சரியான தேர்வு. ஒருவருக்குச் சிறந்தது மற்றவருக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு விடை பல நேரம் ஒலியில் இல்லை, வேலை செய்யும் முறையில் இருக்கிறது.

நம்பிக்கை: கட்டையை ஓங்கி அடித்தால் ஸ்டிரிங்ஸ் உரக்க வாசிக்கும்.

பியானோவுக்கு இது பொருந்தும். வில் கருவியில் சுரம் தொடங்கிய பிறகும் ஒலி வளரவும் தேயவும் வேண்டும். அதை ஒரு தடவை அடிக்கும் கட்டையால் சொல்ல முடியாது. எனவே பெரும்பாலான லைப்ரரிகளில் குறுஞ்சுரங்களின் ஓங்கலை அடிக்கும் வேகமும், நீண்ட சுரங்களின் ஏற்ற இறக்கத்தைக் கீபோர்டின் மாடுலேஷன் சக்கரமும் ஆள்கின்றன. சக்கரம் மேலே போகும்போது மெல்லிய வாசிப்பின் பதிவு மறைந்து ஓங்கிய வாசிப்பின் பதிவு மேலெழுகிறது. வெறும் வால்யூமைக் கூட்டினால் வராத நிற மாற்றம் இப்படித்தான் வருகிறது. இரண்டு பதிவுகள் கலக்கும் இடத்தில் குழு ஒலியில் வித்தியாசம் தெரியாது. தனி வயலினில் ஒரு கணம் இரண்டு பேர் வாசிப்பது போல் கேட்கும். தனிக் கருவி லைப்ரரிகள் குழு லைப்ரரிகளைவிடச் செய்யக் கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை: டெமோ இசையைக் கேட்டால் போதும்.

டெமோ பெரும்பாலும் அந்த லைப்ரரியின் பலத்தை அறிந்து எழுதப்பட்டது. பலவீனமான இடத்துக்கு அது போகவே போகாது. துணைக் கருவிகள் இல்லாத மெதுவான மெட்டு, ஒரே சுரத்தின் வேகமான திரும்பல், மிக மெல்லிய கார்டு, அமைதியிலிருந்து உச்சம் வரை ஏறும் ஒற்றைச் சுரம் ஆகிய நான்கையும் வெறுமையாக வாசித்துக் காட்டும் காணொளி பத்து டெமோக்களுக்குச் சமம். சாம்பிள்களை ஒலிக்கவைக்கும் கான்டாக்ட் மென்பொருளில் இயங்கும் லைப்ரரி அதன் இலவச பிளேயரில் இயங்குமா, முழுப் பதிப்பு தேவையா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். பிளேயருக்கான உரிமம் பெறாத லைப்ரரிகள் அதில் 15 நிமிடத்துக்குமேல் ஓடாது. விற்கப்படுவது பயன்பாட்டு உரிமம் மட்டுமே என்பதால் பல நிறுவனங்கள் மறுவிற்பனையை அனுமதிப்பதில்லை.

நம்பிக்கை: பிட்ச் பெண்ட் சக்கரத்தால் கமகம் வாசித்துவிடலாம்.

தமிழ்த் திரையிசைக்கும் கர்நாடக இசைக்கும் ஸ்டிரிங்ஸ் அமைப்பவர்களைச் சிக்க வைக்கும் நம்பிக்கை இது. மேற்கத்திய லைப்ரரியில் சுரம் ஒரு புள்ளியில் நிற்கிறது. அதன் மேல் விரல் அசைவும் பதிவிலேயே உறைந்திருக்கிறது. கமகத்தில் சுரமே அசைவு. சக்கரத்தால் சுருதியை வளைக்கும்போது உறைந்த விரல் அசைவும் சேர்ந்து வளைகிறது. வயலின் உடலின் அதிர்வு நிறம் நிஜத்தில் இடம்பெயராது. இங்கே அதுவும் சுருதியோடு மேலும் கீழும் போய், ஒலி பொம்மைத்தனமாகிவிடுகிறது. 16 பேரின் பதிவை வளைத்தால் 16 பேரும் இம்மி பிசகாமல் ஒன்றாக வளைவார்கள். எந்த வயலின் குழுவும் அப்படி வாசிப்பதில்லை. கம்பிகளின் சுருதியும் வேறு: கர்நாடக வயலின் ஷட்ஜ பஞ்சமத்துக்குச் சேர்க்கப்படுவது, மேற்கத்திய வயலின் அப்படியல்ல.

இத்தாலியின் ஆடியோ மாடலிங் நிறுவனத்தின் ஸ்வாம் வரிசை போல, பதிவுகளை வைக்காமல் கருவியின் இயக்கத்தையே கணக்கிட்டு ஒலி எழுப்பும் மென்பொருள்களில் வளைவு இயல்பாக அமைகிறது. குழுவின் செழுமை மட்டும் குறைவு. வரிசையாக நிற்கும் கார்டுகளையும் எதிர்மெட்டுகளையும் லைப்ரரியிடம் விட்டுவிட்டு, கமகம் வரும் மேல்வரியை ஒரே ஒரு வயலின் கலைஞரை வாசிக்கச் செய்து மேலே சேர்ப்பது இன்னும் நல்ல வழி. குழுவின் மேல் நிஜமான ஒரு வில் ஓடும்போது காது அதையே பற்றிக்கொள்கிறது; கீழே இருக்கும் பதிவுகளும் அதனால் உயிர்பெறுகின்றன.