பெருக்குச் சராசரி எங்கே இருக்கிறது?

நீளம் 9, அகலம் 4 உள்ள செவ்வகத்தின் பரப்பளவுக்குச் சமமான சதுரத்தை வரையச் சொன்னால், ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் கட்டங்களை எண்ணிப் பார்த்துப் பக்கம் 6 என்று சொல்லிவிடும். மேல்வகுப்பில் அந்த 6-க்குப் பெருக்குச் சராசரி என்று பெயர். அது 4-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் இதை நடத்தியபோது ஒரு மாணவி, "1, −1 இரண்டுக்கும் பெருக்குச் சராசரி என்ன சார்?" என்று கேட்டாள். "மிகை எண்களுக்கு மட்டும்தாம்மா" என்று முடித்துவிட்டேன். விடை தவறில்லை, கேள்வியை அங்கேயே மூடியதுதான் தவறு. அடுத்த ஆண்டு, கலப்பெண்கள் பாடத்தின்போது அவளே எழுந்தாள். "ஐ-யின் வர்க்கம் −1 சார். அப்போ விடை ஐ. ஆனா அது 1-க்கும் −1-க்கும் நடுவில் இல்லையே?"

கலப்பெண் தளத்தில் 'நடுவில்' என்பதற்கு என்ன பொருள்? அன்று என்னிடம் பதில் இல்லை. தேடியபோது கிடைத்தது கிரேஸ்–வால்ஷ்–செகோ தேற்றம். கிரேஸ் 1902-இல் தொடங்கியதை வால்ஷும் செகோவும் 1922-இல் விரிவாக்கினர். தேற்றம் சொல்வது இது: மாறிகளை இடம் மாற்றினாலும் மதிப்பு மாறாத ஒரு சமச்சீர்ப் பல்லுறுப்புக் கோவை, அதில் எந்த மாறியும் முதல் அடுக்கைத் தாண்டவில்லை. மாறிகளின் மதிப்புகள் எல்லாம் ஒரு வட்டத்துக்குள் இருந்தால், அந்த வட்டத்துக்குள்ளேயே ஓர் எண் உண்டு. எல்லா மாறிகளுக்கும் அந்த ஒரே எண்ணை இட்டாலும் அதே மதிப்பு வரும்.

பொது நிரூபணம் நம் வகுப்புக்கு உரியதல்ல. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு வெட்டும் நாண்களின் தேற்றமே போதும். 1, −1 இரண்டையும் உள்ளடக்கிய ஏதேனும் ஒரு வட்டம் வரையுங்கள். மெய் அச்சு வழியே செல்லும் நாணை ஆதிப்புள்ளி இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டும் 1-க்குக் குறையாது, எனவே அவற்றின் பெருக்கலும் 1-க்குக் குறையாது. கற்பனை அச்சு வழியே செல்லும் நாணின் இரு துண்டுகளுக்கும் அதே பெருக்கற்பலன்தான். ஆகவே அவற்றில் ஒன்றாவது 1 அல்லது அதற்கு மேல் இருந்தாக வேண்டும். அதாவது, வட்டத்தை எப்படி வரைந்தாலும் ஐ அல்லது −ஐ அதற்குள் அகப்பட்டே தீரும்! கரும்பலகையில் நான்கைந்து வட்டங்கள் வரைந்து காட்டினேன். வகுப்பு தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"வர்க்கங்களின் கூடுதலும் சமச்சீர்தானே, அதுக்கும் பொருந்துமா?" என்றது பின்வரிசை. நல்ல கேள்வி. சமச்சீர்தான், ஆனால் மாறிகள் இரண்டாம் அடுக்கில் இருக்கின்றன. 1, ஐ இரண்டையும் எடுத்தோம். வர்க்கங்களின் கூடுதல் 0; இரு இடத்திலும் ஒரே எண் என்றால் அது 0 மட்டுமே. இப்போது 1+ஐ மையமாக, ஆரம் 1 உள்ள வட்டம் வரைந்தால் 1, ஐ இரண்டும் அதன் மேலேயே அமைகின்றன. ஆதிப்புள்ளியோ மையத்திலிருந்து ஏறத்தாழ 1.414 தொலைவில், வெளியே நிற்கிறது.